புல்லுக்கு ஓர் உழவு

நிலத்தை உழுவது நெல்லுக்காக, சோளத்துக்காக, கடலைக்காக என்று கேள்விப்பட்டிருக்கிறோம். புல் முளைக்கக் கூடாது என்பதற்காக உழுவதும் உண்டு. ஆனால் புல் முளைக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவன் டிராக்டரை வாடகைக்குப் பிடித்து, மணிக்கு இவ்வளவு என்று ரூபாயை எண்ணிக் கொடுத்து உழுதான் என்றால், அவனைப் பற்றி ஊரார் என்ன நினைப்பார்கள்? எங்கள் ஊரார் என்னைப் பற்றி அப்படியே நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது முற்றிலும் அநியாயம் என்று சொல்வதற்கில்லை. அன்னம் விளைந்த மண்ணில் அழகுக்குப் புல் வளர்ப்பது என்றால், விவசாயக் குடியில் பிறந்த எவருக்கும் மனம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். எனக்கும் உறுத்திற்று. அந்த உறுத்தலோடுதான் காரியத்தில் இறங்கினேன்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூருக்குப் போகும் மார்க்கத்தில், சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர் இருக்கிறது. அங்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்மண் புன்செய். என் தகப்பனார் இருந்த வரையில் ஆடியில் சோளமும் கடலையும் போட்டு வந்தார். 2011-ல் அவர் காலமான பிறகு நிலத்தைப் பார்ப்பதற்கு ஆள் இல்லை. என் தமையனார் சென்னைவாசி. நானோ திருச்சியில் உத்தியோகம். நிலத்தை விற்கவும் மனம் வரவில்லை, உழவும் வழியில்லை. பதினோரு வருஷம் அது சும்மா கிடந்தது.

"சும்மா கிடந்தது" என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, நிலம் ஒரு நாளும் சும்மா கிடப்பதில்லை. மனிதன் விட்டுப் போன மறு வாரமே வேறு குடித்தனக்காரர்கள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். முதலில் வந்தவை நெருஞ்சியும் துத்தியும் நாயுருவியும். பிறகு பார்த்தீனியம் வெள்ளைப் பூவும் விஷக் காற்றுமாக வந்து இறங்கியது. கடைசியாகச் சீமைக் கருவேல் வந்து, வேலி இல்லாத நிலத்துக்குத் தானே வேலியாகி, பிறகு தானே நிலமாகவும் ஆகிவிட்டது. இவற்றுக்கெல்லாம் அடியில், கண்ணுக்குத் தெரியாமல், கோரை தன் கிழங்குகளைக் கோத்துக்கொண்டே போயிற்று.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் உண்டு. விளையாடும் இடம் கிடையாது. பிள்ளைகள் சாலையில்தான் பந்து விளையாடுவார்கள். ஜல்லி ஏற்றிய லாரி வரும்போது ஒதுங்கிக்கொண்டு, போனதும் மறுபடியும் ஓடி வருவார்கள். 2022-ல் ஒரு நாள் பள்ளி ஆசிரியை என்னிடம், "உங்கள் கொல்லையில் ஓர் ஏக்கர் இடம் கொடுத்தால் பிள்ளைகள் சாலைக்கு வர மாட்டார்களே, ஐயா!" என்றார். தமையனாருக்கு எழுதினேன். அவர் உடனே சம்மதித்தார். வெறும் மண் தரை போதாது, விழுந்தால் முழங்கால் பெயராத புல்தரையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

சம்மதிக்காதவர் ஒருவரே. அவர் எங்கள் பெரியப்பா. எண்பத்திரண்டு வயது. ஏர் பிடித்த கை. விஷயத்தைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏண்டா தம்பி, உன் அப்பன் அந்த மண்ணில் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கியே கூன் விழுந்து போனான். நீ அதிலே புல் வளர்க்கப் போகிறாயா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. சாலையில் விளையாடும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, ஓர் ஏக்கரில் புல்லைப் போடு. ஆனால் டிராக்டர் வருகிறபோது மற்ற இரண்டு ஏக்கரையும் உழ வேண்டும். உழுததில் விதைக்கவும் வேண்டும். இதற்குச் சம்மதமானால் எனக்கும் சம்மதம்" என்றார். இந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் வேலை ஆரம்பமாயிற்று.

தமையனாருடைய யோசனை மிகவும் சுலபமாக இருந்தது. ஜே.சி.பி.யைக் கொண்டு கருவேலைத் தூரோடு பறித்துவிடுவது. மறுநாள் ரோட்டவேட்டரைக் கொண்டு மண்ணை மாவாக அரைத்துவிடுவது. அதற்கு மறுநாள் நர்ஸரியிலிருந்து புல் பத்தைகளை வரவழைத்துப் பாய் விரிக்கிற மாதிரி விரித்துவிடுவது. மூன்றே நாளில் புல்தரை! நகரத்துப் பங்களாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள். விலையைப் பற்றிக் கவலைப்படாவிட்டால் பார்ப்பதற்குப் பிரமாதமாகவும் இருக்கும்.

கருவேலை ஜே.சி.பி. பறித்துப் போட்ட மறுநாள் டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் இருபத்தைந்து வயது இளைஞர். அவர் வண்டியை வரப்பு ஓரத்தில் நிறுத்தினார். இறங்கி நாலு இடத்தில் களைக்கொத்தினால் கொத்திப் பார்த்தார். கறுப்பாகக் கொட்டைப் பாக்கு அளவுக்குச் சில கிழங்குகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"ஐயா, இதிலே ரோட்டவேட்டரை இப்போது போடச் சொல்லாதீர்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மனைக்குப் போன வருஷம் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் விரித்த புல்லைக் குத்திக்கொண்டு நாற்பது நாளில் கோரை வந்துவிட்டது. இப்போது அங்கே கோரைதான் புல்தரை" என்றார்.

அந்த இளைஞர் அனுபவத்தினால் சொன்னதைத் தாவர சாஸ்திரமும் அப்படியே சொல்கிறது. கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. சங்கிலியின் முனையில் உள்ள கிழங்கு முளைத்திருக்கும் வரையில் அடுத்தடுத்த கிழங்குகளை அது உறங்க வைக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் பேசும்போது மற்றவர்கள் பேசாமல் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலும் கத்திகள் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டினால், ஒவ்வொரு கிழங்கும் தனிக் குடித்தனம் ஆரம்பித்துவிடுகிறது. நூறு முளை இருந்த இடத்தில் ஆயிரம் முளை வரும். ஹோம் என்பவரும் அவருடைய சகாக்களும் 1977-ல் உலகத்தின் மிகக் கொடிய களைகளைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டார்கள். அதில் முதல் ஸ்தானம் கோரைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஸ்தானம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நம்முடைய அருகம்புல்லுக்கு! பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, புது மணமக்களை அதுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோமே, அதே அருகுதான். உலகத்தின் வெப்பமான தேசங்களிலெல்லாம் விளையாட்டு மைதானங்களுக்கு முதன்மையான புல்லும் அதுவேதான். ஆங்கிலத்தில் பெர்முடா தீவின் பெயரால் அழைத்தாலும் அது அந்தத் தீவில் பிறந்ததல்ல. இந்தப் பழைய உலகத்துச் சரக்கே. சோளக் கொல்லையில் இருந்தால் களை; பந்து விளையாடும் இடத்தில் இருந்தால் பயிர். செடியின் குணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மிதித்தாலும் வெட்டினாலும் காய்ந்தாலும் சாவதில்லை என்ற அந்தக் குணத்தைத்தான் குடியானவன் சபிக்கிறான். மைதானக்காரன் காசு கொடுத்து வாங்குகிறான்.

ஆகவே எந்தப் புல் என்ற பிரச்னை சீக்கிரம் தீர்ந்தது. நர்ஸரிக்காரர் மெக்சிகன் கிராஸ் என்றார், கொரியன் கிராஸ் என்றார். பார்க்கக் கம்பளம் மாதிரிதான் இருந்தன. ஆனால் எங்கள் ஊரில் சித்திரை வைகாசியில் மனிதர்கள் குடிப்பதற்கே தண்ணீரைக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. தினந்தோறும் தண்ணீர் கேட்கும் புல்லை அங்கே வளர்ப்பது தர்மமாகாது. அருகு, வெயில் காலத்தில் பழுத்து வைக்கோல் நிறமாகிக் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் எழுந்து நிற்கும். கிடைக்கிற தண்ணீருக்குள் குடும்பம் நடத்தத் தெரிந்த புல் அது.

டிராக்டரின் பலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. நம் தேசம் சுதந்திரம் அடைந்த நாளில், மத்திய இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கர் நல்ல நிலம் காசம்புல் மண்டி வீணாகக் கிடந்தது. நம் ஆற்றங்கரை நாணலின் இனம்தான் அது. ஆழத்தில் வேர் ஓடுவதால் மாட்டு ஏருக்கு மசியாது. ஜனங்களோ உணவுக்கு வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்திருந்த காலம். மத்திய டிராக்டர் ஸ்தாபனம் என்று ஒன்றை ஏற்படுத்தி, யுத்தம் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற டிராக்டர்களைக் கொண்டு அந்த நிலங்களை உழ ஆரம்பித்தார்கள். 1949-ல் இந்தியாவுக்கு உலக வங்கி கொடுத்த இரண்டாவது கடன் ஒரு கோடி டாலர். அது இந்தப் புல்லை ஒழிக்கும் டிராக்டர்களை வாங்குவதற்காகவே கொடுக்கப்பட்டது. ஒரு புல்லுக்காக ஒரு தேசம் கடன் வாங்கிய கதை இது. அங்கே இயந்திரம் செய்த உதவி என்னவென்றால், வறண்ட கோடையில் ஆழ உழுது, அடி வேரை வெயிலுக்கு எடுத்துக் காட்டியதுதான். பெரும்பாலும் வேரைக் கொன்றது வெயில்.

இந்த ரகசியம் நம் பாட்டன்மாருக்குத் தெரியாததல்ல. சித்திரை மாதத்து உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்று அவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாங்களும் ரோட்டவேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, 2023 சித்திரையில் சட்டிக் கலப்பையை மாட்டி உழுதோம். சட்டிக் கலப்பை மண்ணை அரைப்பதில்லை. பெரிய பெரிய கட்டிகளாகப் புரட்டிப் போடுகிறது. கட்டிகளோடு கோரைக் கிழங்கும் மேலே வந்து வெயிலில் கிடக்கும். கோரைக் கிழங்குக்கு வெட்டைப் பற்றிப் பயமில்லை. ஈரம் வற்றினால்தான் பயம். திருச்சி வெயில் எப்படிப்பட்டது என்று அந்த ஊரில் கோடையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாள் இடைவெளி விட்டுக் குறுக்காக ஒன்பது கொத்துக் கலப்பையை ஓட்டினோம். கிழங்கும் அடி வேரும் இன்னும் மேலே வந்தன. ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர் கூலிக்கு வந்து பொறுக்கினார்கள். பெரியப்பா குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, "அதோ, அந்த மூலையை விட்டுவிட்டாயே, அம்மா!" என்று மேற்பார்வை செய்தார்.

அதன் பிறகு செய்த வேலைதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. அது என்னவென்றால், ஒன்றும் செய்யாமல் காத்திருந்தது. நிலத்தை ஓரளவு சமன் செய்துவிட்டு, மழையை எதிர்பார்த்தோம். ஆனியில் ஒரு மழை பெய்தது. எட்டாம் நாள் ஏக்கர் முழுவதும் பச்சைப் பசேலென்று ஆயிற்று. தமையனார் படத்தைப் பார்த்துவிட்டு, "விதைக்காமலே புல்தரை வந்துவிட்டதே!" என்று பரிகாசம் செய்தார். அத்தனையும் களை.

பதினோரு வருஷமாக விழுந்த விதைகள் மண்ணில் சேமித்து வைத்த பணம்போல் இருக்கின்றன. ஒரே நாளில் அவை எல்லாம் வெளியே வருவதில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் பீல் என்னும் தாவர சாஸ்திரப் பேராசிரியர் 1879-ல் ஒரு காரியம் செய்தார். பல வகைச் செடிகளின் விதைகளை, வகைக்கு 50 வீதம், ஈர மணலோடு கலந்து 20 புட்டிகளில் அடைத்து மண்ணில் புதைத்து வைத்தார். குறிப்பிட்ட வருஷங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு புட்டியாக எடுத்து முளைக்கப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் காலமாகி வெகு காலத்துக்குப் பிறகும் சிஷ்ய பரம்பரை அதை நடத்தி வருகிறது. 2021-ல் எடுத்த புட்டியில் வெர்பாஸ்கம் என்னும் செடியின் விதைகள் முளைத்தன. புதைத்து 142 வருஷம் ஆன விதைகள்! எங்கள் கொல்லை விதைகள் அத்தனை காலம் உறங்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மண் தன் பழைய கணக்கை ஒரு மழையில் தீர்த்துவிடாது என்பது மட்டும் நிச்சயம்.

அதனால் அந்தக் களைகளை முளைக்க விட்டோம். இரண்டு மூன்று இலை விட்டதும், ஒரு வெயில் நாளாகப் பார்த்து, கலப்பையை மேலாக, இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்காமல் ஓட்டி அழித்தோம். ஆழ ஓட்டினால் அடியில் உறங்குகிற விதைகளை எழுப்பி மேலே அழைத்து வந்ததாக முடியும். ஆடியில் இரண்டாவது மழை, இரண்டாவது முளைப்பு, முதல் தடவையில் பாதிதான் இருந்தது. ஆவணியில் மூன்றாவது, அது இன்னும் குறைவு. கோரை மட்டும் ஒவ்வொரு தடவையும் தலை நீட்டியது. தலை நீட்டும்போதெல்லாம் வெட்டினோம். முளை விடுவதற்கு ஒவ்வொரு தடவையும் கிழங்கு தன் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது. சம்பாதிக்க விடாமல் செலவழிக்க மட்டும் விட்டால் எந்தக் குடும்பமும் நொடித்துப் போகும் அல்லவா?

பார்த்தீனியத்தைக் கலப்பைக்கு விடவில்லை. வரப்போரங்களில் அது பூப்பதற்கு முன்பே கைக்கு உறை மாட்டிக்கொண்டு பிடுங்கினோம். பூத்துவிட்டால் ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் உண்டாக்கும். 1950-களின் நடுவில் புனா நகரத்துப் பக்கம் முதலில் கண்ணில் பட்ட செடி, இன்று தேசத்தில் இல்லாத இடமில்லை. அதைத் தின்னும் ஒரு வண்டை மெக்ஸிகோ தேசத்திலிருந்து 1984-ல் பெங்களூருக்குத் தருவித்து விட்டார்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வண்டு வந்து தின்னும் வரையில் காத்திருக்க முடியாது என்பதால் எங்கள் கைகளே அந்த வேலையைச் செய்தன.

புரட்டாசியில் தரையைச் சமன்படுத்தினோம். புல்தரை என்றால் பளிங்குத் தரைபோல் மட்டமாக இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். அப்படி இருந்தால் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். நூறு அடிக்கு ஓர் அடி வீதம் கிழக்கே சரிவு வைத்தோம். டிராக்டர் சக்கரம் போன தடங்கள் இறுகிப் போயிருந்தன. அவற்றை மண்வெட்டியால் கொத்தி விட்டோம். ஊர் ஆட்டுக்காரர் கிடை போடுவதாகச் சொன்னார். ஆட்டு வயிற்றில் கருவேல விதை சாவதில்லை, வெளியே வந்து நன்றாக முளைக்கும் என்பதால் அவரை வணங்கி அனுப்பிவிட்டு, நன்றாக மக்கிய எருவை மட்டும் போட்டோம்.

பிறகு அருகு நடவு. இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, அரைச் சாண் இடைவெளியில் நட்டோம். எட்டுப் பெண்களும் நாற்று நடுகிற மாதிரியே வரிசையாக நின்று நட்டார்கள். பெரியப்பா ஒரு கொத்து அருகைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐம்பது வருஷம் இதை வெட்டி எறிந்தேன், தம்பி. இன்றைக்குக் கூலி கொடுத்து நடுகிறாய். இதற்கு ரோஷம் இருந்தால் வளரக் கூடாது" என்றார்.

அதற்கு ரோஷம் கிடையாது. ஐப்பசி அடைமழையில் ஓடிப் பரவி, மார்கழிக்குள் மண் தெரியாமல் மூடிவிட்டது. 2024 தைப் பொங்கலுக்கு மறுநாள் பிள்ளைகளை உள்ளே விட்டோம். புல் உயர்ந்தால் ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை. வெட்டுவதற்கு ஒரு சிறு இயந்திரம் இருக்கிறது. 1830-ல் இங்கிலாந்தில் பட்டிங் என்பவர், நெசவாலையில் துணியின் பிசிறு வெட்டும் பொறியைப் பார்த்து முதல் புல்வெட்டியைச் செய்தார். அதுவரையில் அந்தத் தேசத்துச் சீமான்களின் புல்தரைகளை அரிவாளும் ஆடும்தான் வெட்டி வந்தன.

மற்ற இரண்டு ஏக்கர் என்னவாயிற்று? பெரியப்பா மறக்கவில்லை. ஆடியிலேயே விதைக்கச் சொன்னார். கிணற்றில் இருந்த தண்ணீருக்கு ஓர் ஏக்கர்தான் தாங்கியது. பக்கத்துக் கொல்லைக்காரர் வாரத்துக்கு எடுத்துச் சோளம் போட்டார். அமோக விளைச்சல் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த மண்ணின் தானியம் எங்கள் வீட்டுக்கு வந்தது. புல் போடுவதற்காக டிராக்டர் வந்திராவிட்டால் அந்தச் சோளமும் வந்திராது. இதை நான் சொன்னபோது பெரியப்பா, "டிராக்டர் வந்ததினால் அல்ல, நீ வந்ததினால்" என்றார்.

தரிசாய்க் கிடக்கும் நிலத்தில் புல்தரை போட விரும்புகிறவர்கள் இப்போது அநேகம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதினோரு வருஷத்துக் காட்டை இயந்திரம் இரண்டு நாளில் திறந்து கொடுக்கும். திறந்த வாயிலில் யார் யார் வருகிறார்கள் என்று ஆறு மாதமாவது நின்று பார்க்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை வாடகைக்குத் தருகிறவர்கள் எங்கும் இல்லை.

இன்னமும் வடகிழக்கு மூலையில் நாலு இடத்தில் கோரை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்காகப் பெரியப்பா ஒரு சட்டம் செய்திருக்கிறார். ஆட வருகிற ஒவ்வொரு பிள்ளையும் முதலில் பத்துக் கோரையைக் கிழங்கோடு கொத்தி எடுத்து அவரிடம் எண்ணிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் பந்தைத் தொடலாம். சென்ற வாரம் ஒரு சிறுவன் பத்துக்குக் கோரை கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டு வந்து நின்றான். பெரியப்பா அவனைத் தட்டிக்கொடுத்து, ஏழோடு உள்ளே விட்டுவிட்டார்.